கெராங்கில் இருப்பதெல்லாம் கொலஸ்ட்ராலா?



"டிரசர் ஐயா, ரத்தத்தில கொழுப்பு இருக்குன்னு கிளினிக்கில சொல்லிட்டாங்க. இனிமே கெராங், இறால் எதையும் தொடக் கூடாதாமே?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அப்படிக் கேட்பவர்களில் சிலருடைய வீட்டு அலமாரியைத் திறந்தால் 'கடல் பாசி மாத்திரை' டப்பா ஒன்று இருக்கும். தவணை முறையில் வாங்கியது. "இதைச் சாப்பிட்டா கொழுப்பு தானா கரைஞ்சிடும், கிளினிக் மாத்திரை தேவையில்லன்னு விற்க வந்தவங்க சொன்னாங்க" என்பார்கள்.

ஒரு பக்கம் கெராங்கைக் கண்டு பயம். இன்னொரு பக்கம் பாசி மாத்திரை மேல் நம்பிக்கை. இந்த இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அது கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அந்தப் பாசிக்குள் என்ன கொழுப்பு இருக்கிறது, அது எப்படி உருவாகிறது, அதை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இந்த மாதம் படிப்போம். கொஞ்சம் ரசாயனம் வரும். பயப்பட வேண்டாம். பால் மரம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது புரியாத பாடம் அல்ல.

கொலஸ்ட்ரால் ஒரு குடும்பம்

பித்தப்பையில் கல் விழுவது நமக்குத் தெரியும். அந்தக் கல்லில் இருந்த மெழுகு போன்ற பொருளுக்கு 1816-ல் செவ்ரல் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஒரு பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'பித்தம்', 'கெட்டியானது' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அதிலிருந்து வந்ததுதான் கொலஸ்ட்ரால்.

கொலஸ்ட்ரால் தனி ஆள் அல்ல. 'ஸ்டெரால்' என்ற பெரிய குடும்பத்தில் அது ஒரு பிள்ளை. மனிதர், ஆடு, மாடு, கோழி ஆகியவற்றின் உடம்பில் இருப்பது முக்கியமாகக் கொலஸ்ட்ரால். செடி கொடிகளில் இருப்பது சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால், காம்பெஸ்டெரால் போன்றவை. காளானில் இருப்பது எர்கோஸ்டெரால்.

இவை எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றுதான். நான்கு வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். வித்தியாசம் பெரும்பாலும் வாலில் இருக்கிறது. கொலஸ்ட்ராலில் மொத்தம் 27 கார்பன் அணுக்கள். அதன் வாலில் ஒரு கார்பன் கூடினால் 28, இரண்டு கூடினால் 29. இந்த ஒன்றிரண்டு அணு வித்தியாசத்தால்தான் ஒன்று நம் ரத்தத்தில் தங்குகிறது, இன்னொன்று வெளியே போய்விடுகிறது.

கொலஸ்ட்ரால் முழுக்கவே கெட்டது என்றும் நினைக்காதீர்கள். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவின் மேல்தோலும் உறுதியாக நிற்க அது வேண்டும். பித்த நீருக்கும் சில ஹார்மோன்களுக்கும் அதுதான் மூலப்பொருள். அதற்கு முந்தின படியில் உள்ள ஒரு ஸ்டெராலிலிருந்துதான் வெயில் பட்டு நம் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. அதனால் நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரலும் உடம்பின் மற்ற பாகங்களும் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அளவு மீறும்போதுதான் தொல்லை.

கெராங் என்ன தின்கிறது?

கோலசிலாங்கூர், கோலசெப்பெத்தாங் பக்கத்துச் சேற்றுக் கரைகளில் கெராங் வளர்ப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சேற்றில் கிடந்தபடியே அது கடல் நீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, வெளியே விடுகிறது. வடிகட்டியில் தங்குவதில் முக்கியமானது நுண்பாசி. 'டயாட்டம்' என்பது அதில் ஒரு பெரிய இனம். கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொண்டு வாழும் ஒற்றை உயிரணு அது.

சிப்பி இனங்கள் ஸ்டெராலைத் தாமே தயாரிப்பது குறைவு. பெரும்பாலும் பாசியிலிருந்து வந்ததை அப்படியே உடம்பில் வைத்துக்கொள்கின்றன. அதனால் சிப்பியின் சதையில் கொலஸ்ட்ரால் மட்டுமல்ல, பாசியின் ஸ்டெரால்கள் பலவும் கலந்திருக்கும்.

இறால் கதை வேறு. இறாலுக்கு ஸ்டெராலைப் புதிதாகத் தயாரிக்கவே தெரியாது. ஆனால் தின்ற பாசி ஸ்டெராலின் வாலில் கூடுதலாக இருக்கும் கார்பனை வெட்டி எடுத்துவிட்டுக் கொலஸ்ட்ராலாக மாற்றத் தெரியும். அதனால் இறாலில் இருப்பது பெரும்பாலும் உண்மையான கொலஸ்ட்ரால்தான். 100 கிராம் இறாலில் சுமார் 150 முதல் 200 மில்லிகிராம் இருக்கும். ஒரு பெரிய கோழி முட்டையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு. கணவாயில் இன்னும் கொஞ்சம் அதிகம்.

பழைய கணக்கு எங்கே பிசகியது?

அந்தக் காலத்தில் உணவில் கொலஸ்ட்ரால் பார்க்க ஒரு நிறச் சோதனை இருந்தது. லீபர்மன், புர்க்கார்ட் என்ற இருவர் பெயரால் அதை அழைப்பார்கள். கொழுப்பைப் பிரித்தெடுத்து, அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் சேர்த்தால் பச்சை நிறம் வரும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொலஸ்ட்ரால் என்று கணக்கு.

ஆட்டிறைச்சிக்கும் முட்டைக்கும் இந்தக் கணக்கு சரி. அங்கே இருப்பது கொலஸ்ட்ரால் ஒன்றுதான். சிப்பிக்கு இது சரிப்படாது. ஏனென்றால் பாசி ஸ்டெராலும் அதே பச்சை நிறத்தைத்தான் காட்டும். பெரட்டில் நிற்கிறவர்களைத் தலை எண்ணி, "இத்தனை பேரும் பால்வெட்டுக்காரர்கள்" என்று எழுதின மாதிரி ஆகிவிட்டது. அங்கே களையெடுப்பவரும் இருப்பார், ஸ்டோர் ஆளும் இருப்பார் அல்லவா?

1955-ல் கனடாவில் ஐட்லர், ஃபாகர்லண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சிப்பி இனங்களிலிருந்து 24-மெத்திலீன் கொலஸ்ட்ரால் என்ற ஸ்டெராலைப் பிரித்துக் காட்டினார்கள். பெயரில் கொலஸ்ட்ரால் இருந்தாலும் அது கொலஸ்ட்ரால் அல்ல. வாலில் ஒரு கார்பன் கூடுதல். டயாட்டம் பாசிகள் பலவற்றில் அது நிறைய உண்டு. ஆனாலும் உணவுப் பட்டியல்கள் மாறக் காலம் பிடித்தது. 1963-ல் வந்த அமெரிக்கப் பட்டியலில் 100 கிராம் ஆய்ஸ்டர் சிப்பிக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் என்று போட்டிருந்தார்கள். பின்னாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தபோது அது ஏறக்குறைய 50 மில்லிகிராம் என்று தெரிந்தது. 'சிப்பி என்றாலே கொழுப்பு' என்ற பேச்சுக்கு அந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம்.

ஆளைப் பிரித்து அறிவது எப்படி?

இப்போது சோதனைச் சாலையில் செய்வது இதுதான். முதலில் பாசியை வடிகட்டி, கரைப்பான் ஊற்றிக் கொழுப்பை எடுக்கிறார்கள். பிறகு காரம் சேர்த்துச் சூடு பண்ணுகிறார்கள். நாம் சோப்புக் காய்ச்சுவது போலத்தான். சாதாரணக் கொழுப்பு சோப்பாகி நீரோடு போய்விடும். ஸ்டெரால் சோப்பு ஆகாது, தங்கிவிடும்.

அதைச் சுலபமாக ஆவியாகும்படி பக்குவப்படுத்தி, தலைமுடி போல் மெல்லிய, பல மீட்டர் நீளக் குழாய்க்குள் வாயுவோடு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு ஸ்டெராலும் அதனதன் வேகத்தில் ஓடி, வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வெளியே வருவதை உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்க்கிறது இன்னொரு கருவி.

கொலஸ்ட்ராலின் மூலக்கூறு எடை 386. காம்பெஸ்டெரால் 400. சிட்டோஸ்டெரால் 414. 24-மெத்திலீன் கொலஸ்ட்ரால் 398, ஆனால் டயாட்டங்களில் காணப்படும் பிராசிகாஸ்டெராலும் அதே 398. எடை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளில் யார் யாரென்று தெரியாது. அதனால்தான் ஓடி வந்த நேரம், உடைந்த துண்டுகள், எடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்.

இப்படிப் பார்த்ததில் பாசி இனங்களுக்குள் பெரிய வேற்றுமை தெரிந்தது. சிவப்புப் பாசிகளில் பெரும்பாலும் கொலஸ்ட்ராலே முக்கியம். 'டைனோஃபிளாஜெலேட்' என்ற இனத்தில் டைனோஸ்டெரால் என்ற தனி ஸ்டெரால் உண்டு, எடை 428. ஆனால் ஒரே ஒரு ஸ்டெராலை வைத்து இன்ன பாசி என்று சாதிக்க முடியாது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜான் வோக்மன் இதைப் பல ஆண்டு ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். மரம் செடிகளுக்கே உரியது என்று நினைத்த சிட்டோஸ்டெரால் சில கடல் பாசிகளிலும் இருக்கிறது. 'செடியில் கொலஸ்ட்ரால் கிடையாது, பாசியில் கிடையாது' என்று அடித்துச் சொல்பவர்களுக்கும் இது பதில்.

பால் மரத்துக்கும் பாசிக்கும் ஒரே செங்கல்

இனி ஸ்டெரால் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். நம் மங்கில் வடியும் ரப்பர் பாலை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் என்பது ஐந்து கார்பன் கொண்ட சின்னச் செங்கல்களை ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த நீளச் சங்கிலி. அதே ஐந்து கார்பன் செங்கல்தான் பாசியின் ஸ்டெராலுக்கும், நம் ஈரல் செய்யும் கொலஸ்ட்ராலுக்கும் அடிப்படை.

செங்கல் தயாராகும் விதம் இது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் இரண்டு கார்பன் துண்டு மூன்று சேர்ந்து ஆறு கார்பன் ஆகிறது. அது மெவலோனேட் என்ற பொருளாக மாறி, ஒரு கார்பனை இழந்து ஐந்தாகிறது. ரப்பர் மரமும் நம் ஈரலும் இந்த வழியில்தான் போகின்றன. பச்சைப் பாசிகள் சர்க்கரைப் பொருளிலிருந்து வேறு வழியில் அதே செங்கல்லைச் செய்கின்றன. டயாட்டங்களிடம் இரண்டு வழியும் உண்டு.

ரப்பரில் செங்கல்கள் சங்கிலியாக நீண்டுகொண்டே போகும். ஸ்டெராலுக்கு ஆறு செங்கல் போதும். மூன்று செங்கல் கொண்ட துண்டு இரண்டு முகத்தோடு முகம் ஒட்டி 30 கார்பன் கொண்ட ஸ்குவாலீன் ஆகிறது. சுறா ஈரல் எண்ணெயில் இது நிறைய உண்டு. ஜப்பானிய அறிஞர் சுஜிமோட்டோ 1906-ல் அங்கேதான் அதைக் கண்டார். பிறகு ஆக்சிஜன் ஒன்று சேர, நீளமாகக் கிடந்த ஸ்குவாலீன் பாம்பு சுருள்வது போல் மடங்கி நான்கு வளையமாகிறது.

இங்கே பாதை பிரிகிறது. மனிதரிலும் மிருகங்களிலும் காளானிலும் முதலில் வருவது லானோஸ்டெரால். செடிகளிலும் பெரும்பாலான பாசிகளிலும் முதலில் வருவது சைக்ளோஆர்டெனால். பிறகு தேவையில்லாத கார்பன்கள் கழற்றப்படுகின்றன. செடியும் பாசியும் அதோடு நிற்காமல், மெத்தியோனின் என்ற புரதச் சத்திலிருந்து ஒரு கார்பனை எடுத்து வாலின் 24-ம் இடத்தில் ஒட்டுகின்றன. சில இனங்கள் இரண்டு ஒட்டும். அந்த ஒட்டுதான் பாசி ஸ்டெராலுக்கு அடையாளச் சீட்டு. நம் உடம்பால் அதை ஒட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது.

உடம்பு கொலஸ்ட்ரால் செய்யும் பாதையை விளக்கியதற்காகக் கொன்ராட் பிளோக், பியோடர் லீனன் இருவருக்கும் 1964-ல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அதனால் என்ன லாபம் என்கிறீர்களா? 1973-ல் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். மெவலோனேட் உண்டாகும் படியை அது அடைத்துவிடுகிறது. செங்கல் குறைந்தால் வீடு கட்ட முடியாதல்லவா? 'ஸ்டாட்டின்' மாத்திரைகள் வந்த வழி அதுதான். முதல் ஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. கிளினிக்கில் உங்களுக்குத் தரும் கொழுப்பு மாத்திரை பெரும்பாலும் இந்த இனம்தான்.

நம் வயிற்றில் என்ன நடக்கிறது?

நாம் தின்னும் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய பாதி குடல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. வாலில் ஒட்டு உள்ள செடி, பாசி ஸ்டெராலில் நூற்றில் ஐந்துகூடப் போவதில்லை. குடலின் உயிரணுக்கள் அதை அடையாளம் கண்டு திருப்பித் தள்ளிவிடுகின்றன. போகிற வழியில் அது கொலஸ்ட்ராலின் இடத்தையும் பிடித்துக்கொள்வதால், கொலஸ்ட்ரால் உள்ளே போவதும் குறைகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 2 கிராம் செடி ஸ்டெரால் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் நூற்றுக்குப் பத்து அளவு குறையும். இது உண்மை.

இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் பாசி மாத்திரை விற்க வருகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பாசி வகைகளில் 100 கிராம் காய்ந்த பாசிக்கு ஸ்டெரால் 2 கிராமுக்கும் குறைவு. ஒரு மாத்திரை அரை கிராம் என்றால், 2 கிராம் ஸ்டெரால் கிடைக்க நாள் ஒன்றுக்கு 200 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். ஸ்பைருலினா என்று விற்பது உண்மையில் பாசியே அல்ல, ஒரு பாக்டீரியா இனம். அந்த இனத்தில் ஸ்டெரால் பொதுவாக இருப்பதே இல்லை. அதில் புரதம் இருக்கலாம். அதற்காக மாதச் சம்பளத்தில் பங்கு கொடுத்து, கிளினிக்கில் கிடைக்கும் மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

அப்படியானால் என்ன தின்பது?

கெராங், இறாலைப் பார்த்துப் பயந்து, அந்த இடத்தில் கெட்டித் தேங்காய்ப் பாலும், நெய்யும், ஆட்டுக் கொழுப்பும், பொரித்த கோழித் தோலும் தின்றால் நஷ்டம் நமக்குத்தான். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட உறைகொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் அது நூற்றுக்கு 85-க்கு மேல். நம் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி. 100 கிராம் இறாலில் மொத்தக் கொழுப்பே ஒரு கிராம் அளவுதான். வாரத்துக்கு ஒரு நாள் அளவாக இறால் தின்பதைவிட, தினமும் காலையில் நாசி லெமாக் தின்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பருப்பு, கீரை, கச்சான், பச்சைக் காய்கறி ஆகியவற்றில் செடி ஸ்டெராலும் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. விலையும் மலிவு.

கெராங்கில் வேறு ஆபத்து உண்டு. நீரை வடிகட்டும்போது பாசியோடு கிருமியும் சேரும். 1988-ல் சாங்ஹாய் நகரத்தில் சரியாக வேகாத சிப்பி தின்று ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. சுடுநீரில் முக்கி எடுத்து, ரத்தம் சொட்டத் தின்பது ருசிதான். ஆனால் உட்சதை 90 டிகிரி சூட்டில் குறைந்தது 90 விநாடி வேக வேண்டும். டைனோஃபிளாஜெலேட் பாசிகளில் சில நரம்பு விஷமும் செய்யும். 1976-ல் சபாவில் கடல் சிவந்தபோது சிப்பி தின்றவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்த விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. மீன்பிடி இலாகா எச்சரித்தால் சிப்பி வாங்கவே வேண்டாம். தின்ற பிறகு உதடு, நாக்கு மரத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இது ஏன் நமக்கு முக்கியம்?

52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும், மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59 என்றும் 2007-ல் எழுதினார்கள். நம் வேரும் அந்த மண்தான். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. குடும்பத் தலைவர் விழுந்தால் வருமானமும் போகும், சில இடங்களில் குடியிருக்கும் வீடும் போகும்.

ஆகவே தோழர்களே, இவற்றை மனதில் வையுங்கள்:

1. 40 வயதைத் தொட்டவர் ரத்தக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் 40 வரை காத்திருக்க வேண்டாம். பெர்கெசோ 2013-ல் 40 வயதுச் சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனை தொடங்கியது. இப்போது உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அலுவலகத்திலோ சங்கச் செயலாளரிடமோ கேளுங்கள்.

2. ஸ்டாட்டின் மாத்திரையை "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தாதீர்கள். ஈரல் செங்கல் அறுப்பதை நிறுத்துவதில்லை. உடம்பெல்லாம் தசை வலி கடுமையாக இருந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது.

3. சிகரெட் பிடித்துக்கொண்டே கெராங்கை மட்டும் விடுவதில் பயன் இல்லை. முதலில் விட வேண்டியது சிகரெட்.

4. நடு நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். நிரையில் தனியாக இருந்தால் பக்கத்து நிரைக்காரரைக் கூப்பிடுங்கள். 999-க்கு அழையுங்கள்.

அடுத்த முறை யாராவது பாசி டப்பாவோடு வாசலில் வந்து நின்றால், "இதில ஸ்டெரால் எத்தனை மில்லிகிராம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

நலமாக வாழ்க!